வாப்பா திரும்பிப் பார்க்காத ஆட்டம்

கோல்கீப்பர் டைட்டஸின் கையுறைக்குள் என் மகள் ஸஃபாவின் கை மணிக்கட்டு வரை மறைந்துபோயிருந்தது. அவர் ஆறடிக்கு மேல் உயரம். அவள் இரண்டாம் வகுப்பு. அவர் முகத்தைப் பார்க்க அவள் அண்ணாந்து நின்ற விதத்தில், தலையில் குத்தியிருந்த கிளிப் இப்போது விழும், இப்போது விழும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டை மைதானத்தில், வீரர்கள் வெளியே வரும் குறுகலான வழி அது. வலிக்கு அடிக்கும் ஸ்பிரேயின் நெடியும், கோடு போட்ட சுண்ணாம்பின் ஈர வாசனையும் கலந்து வந்தன. வீரருக்கு ஒரு பிள்ளையாகக் கைபிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு தாயோ தகப்பனோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நானும்தான். என் போனுக்குள் சவூதியின் தமாமிலிருந்து என் கணவர், "ஷூ லேஸ் கட்டியிருக்கா பாரு" என்றார்.

கட்டியிருந்தது. நான்தான் கட்டினேன். ஆனாலும் குனிந்து அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"உம்மா, அப்பா பாப்பாஹல்லா?" என்று கேட்டாள் ஸஃபா.

எங்கள் காயல்பட்டினத்தில் தகப்பனாரை வாப்பா என்போம். தாத்தாவைத்தான் அப்பா என்பது. என் வாப்பா பார்ப்பாரா என்றுதான் அவள் கேட்டாள்.

வழியின் வாசலில் வெயில் சுள்ளென்று நின்றது. அதற்கு அப்பால், எப்போதும் எங்கள் ஆட்கள் நிறைந்திருக்கும் கிழக்குக் கேலரி வெறும் சிமெண்டுப் படிகளாகக் கிடந்தது. அதற்கும் அப்பால் கம்பிவேலி. வேலிக்கு வெளியே, சாலையோரப் புங்கை மரத்தடியில், வரிசையாக முதுகுகள். வெள்ளைத் தொப்பி போட்ட முதுகு என் வாப்பாவுடையது. அன்றைய ஆட்டத்தை நம் ரசிகர்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தவரே அவர்தான்.

"பாப்பாஹ" என்று அவளிடம் சொன்னேன். சொன்னது பொய்யா ஆசையா என்று எனக்கே தெரியவில்லை.

மாடியிலிருந்து பந்து

போன வாரம் எங்கள் ஊர் முடுக்குகளைப் பற்றி எழுதியிருந்தேன். பெண்கள் ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்கு வீடு போய்வரும் சந்துகள் அவை. அந்த முடுக்கில் வளர்ந்தவள் பாளையங்கோட்டைப் பந்து மைதானத்தில் வந்து நிற்பது எப்படி என்று யாரும் கேட்டால், நியாயமான கேள்விதான். நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஆண்களுக்குப் பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பெண்களுக்கு மைதானம் கிடையாது, மாடி உண்டு. என் தோழியின் வீட்டு மாடியிலிருந்து மைதானத்தின் பாதி தெரியும். கைப்பிடிச் சுவருக்கு மேல் கண்ணை மட்டும் வைத்துப் பார்ப்போம். மறுபாதியில் நடப்பதை ஆண்களின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அதனால்தானோ என்னவோ, ஆஃப்சைடு என்றால் என்ன என்பது எனக்கு இன்றுவரை பாதிதான் புரிகிறது.

வாப்பா வாலிபத்தில் லெஃப்ட் பேக் ஆடியவர். கொழும்பில் கடை வைத்திருந்து, பிறகு ஊரோடு வந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் காட்ட ஆரம்பித்தால் இடித்தவனின் பெயர், அவன் தகப்பனார் பெயர், அவர்கள் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பது வரை வரும்.

சில வருடங்களுக்கு முன்னால், சம்பளத்துக்கு ஆடும் பந்து அணி ஒன்று திருநெல்வேலிக்கு வந்தது. பொருநை யுனைடெட். பச்சைச் சட்டை. வாப்பா முதல் நாளே சட்டை வாங்கிவிட்டார். அவருக்கு ஒன்று, தமாமில் இருக்கும் மருமகனுக்கு ஒன்று, அப்போது தவழ்ந்துகொண்டிருந்த ஸஃபாவுக்கு ஒன்று. ஸஃபாவுடையது அவளுக்குக் கவுன் மாதிரி இருந்தது.

ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்தார்கள். உள்ளூர் ஆட்டம் என்றால் அந்த வேன் ஆற்றை ஒட்டியே பாளையங்கோட்டை போகும். வழியில் கருங்குளத்தில் வாழை போட்டிருக்கும் இசக்கி அண்ணன் ஒரு சீப்புப் பழத்தோடு ஏறுவார். "ஜெயிச்சா திங்க, தோத்தாலும் திங்க" என்று பின்னால் தள்ளிவிடுவார். நாங்கள் பெரும்பாலும் தோற்றுத்தான் தின்றோம்.

பச்சை போய்ச் சாம்பல் வந்தது

தோற்பதில் யாருக்கும் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆடித் தோற்பது வேறு, ஆட விடாமல் தோற்பது வேறு என்று வாப்பா சொல்வார்.

அணியை நடத்துபவர் கட்டடக் கம்பி வியாபாரி. இரண்டாவது வருடமே பச்சைச் சட்டையை எடுத்துவிட்டு, கம்பியின் நிறத்தில் சாம்பல் சட்டை போட்டார். நம் மைதானத்தில் புழுதி கிளம்பினால் நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று நமக்கே தெரியாது. அவர்களுக்கும் தெரியவில்லை என்பது ஆட்டத்தைப் பார்த்தால் புரிந்தது.

கோல் அடிக்க ஆள் வேண்டும் என்று எங்கிருந்தோ வந்த ஒரு வீடியோவைப் பார்த்து ஒருவரை எடுத்தார்கள். அவர் வந்து ஆறேழு ஆட்டம் ஆடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீடியோவில் கோல் அடித்தவர் வேறு ஆள். ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தவர்தான் இவர்.

"கட்டிப்பிடிக்கதுக்காவது ஒரு கோல் வேணும்லா வே!" என்றார் இசக்கி அண்ணன்.

பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். முதலாளியின் மச்சான் மட்டும் நிரந்தரமாக வெளி பெஞ்சில் உட்கார்ந்து, போனில் முதலாளியைக் கேட்டுக் கேட்டு ஆளை மாற்றினார். முதலாளி எதிர்ப்பக்கம் பந்தலுக்குள், ஏர்கூலர் முன்னால் இருப்பார். பாதி ஆட்டத்தில் அவருடைய கார் கிளம்பும் சத்தம் கேட்கும். ஒரு நாளும் அவர் கடைசி விசில் வரை இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் நடுவில், எங்கள் அணியில் உருப்படியாக ஓடத் தெரிந்த ஒரே பையனை முதலிடத்தில் இருந்த அணிக்கு விற்றுவிட்டார்கள். அவன் அடுத்த மாதமே நம் மைதானத்துக்கு வந்து நமக்கே கோல் போட்டான். போட்டுவிட்டுக் குதிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான். எங்கள் கேலரி எழுந்து நின்று அவனுக்குக் கைதட்டியது. வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தமாமில் ஒரு கேலரி

நான் இந்த வேனில் ஏறியது பந்துக்காக அல்ல, போனுக்காக.

ஆட்டத்தை இணையத்தில் காட்டுகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. ஒரே ஒரு முறை காட்டினார்கள். கேமரா முழு ஆட்டமும் கம்பி விளம்பரப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தோடு அது நின்றுபோயிற்று. தமாமில் என் கணவர் தவித்துப்போனார். கடைசியில், "நீ ஸஃபாவைக் கூட்டிக்கிட்டு மாமாவோட போயேன். போனைப் பிடிச்சா போதும்" என்றார்.

போய்ப் பிடித்தேன். அன்றிலிருந்து எங்கள் திருமண வாழ்க்கையின் முக்கியமான உரையாடல், "பந்தைக் காட்டுமா, வானத்தைக் காட்டாத" என்பதாக ஆகிவிட்டது.

பிள்ளையை வெயிலில் கொண்டுபோவது சரியா என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் சந்தேகம். தொப்பி, தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கரைத்த இன்னொரு தண்ணீர், மாற்று உடுப்பு. இதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்றும் இருந்தது. எப்போதும் தோற்கிற ஒன்றின்மேல் ஒரு குழந்தையை ஆசை வைக்க விடலாமா? தோற்றுப் பழகிவிடாதா?

ஸஃபாவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆட்டம் முழுக்கப் பந்து டைட்டஸிடம்தான் வந்துகொண்டிருந்தது. எனவே நம் அணியிலேயே பெரிய ஆட்டக்காரர் அவர்தான் என்பது அவள் முடிவு.

மரத்தடித் தீர்மானம்

ஓடத் தெரிந்த பையனை விற்ற பிறகு, ரசிகர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள். முதலாளி ஒரு தடவை எங்களோடு கிழக்குக் கேலரியில் உட்கார்ந்து, கடைசி விசில் வரை ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். வாப்பாதான் போய்ச் சொன்னார். அணிக்கு மேனேஜராக இருந்த பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "சாருக்கு வெயில் ஆகாது" என்றான்.

"வெயில் ஆவாதாம் வே!" என்று வேன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார் இசக்கி அண்ணன். "அப்ப எங்க தலையெல்லாம் என்ன, தார்ப்பாயா?"

அப்போதுதான் வாப்பா அந்த யோசனையைச் சொன்னார். "உள்ள போனா நம்ம வாய் சும்மா இருக்காது, கத்திருவோம். வீட்டுல இருந்தா நம்ம வரலேங்கிறதே அவங்களுக்குத் தெரியாது. கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு எல்லாரும் போவோம். வேலிக்கு வெளிய மரத்தடியில முதுகைக் காட்டி உக்காருவோம். விசில் ஊதி முடியிற வரைக்கும் ஒருத்தரும் திரும்பப்பிடாது."

"திரும்பினா?"

"திரும்பினவனுக்கு இந்த வேன்ல இடம் இல்ல. அது நானா இருந்தாலும் சரி."

வேன் கைதட்டியது. நான் தட்டவில்லை. என் பையில் இருந்த போனில் அன்று காலைதான் மேனேஜர் பையன் பேசியிருந்தான். கடைசி உள்ளூர் ஆட்டத்தில் வீரர்களின் கையைப் பிடித்து நடக்க, பள்ளி கொடுத்த பெயர்களிலிருந்து ஸஃபாவை எடுத்திருக்கிறார்கள். டைட்டஸின் கை.

நடுவில் நான்

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் கல்யாணமாகிப் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனவே வாப்பாவும் என் கணவரும் ஒரே வீட்டு ஆண்கள். ஆனால் மாமனாரும் மருமகனும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த மரியாதையில், இத்தனை வருடத்தில் நேராக ஒரு வாக்கியம் முழுதாகப் பேசிக்கொண்டதில்லை. ஸலாம், சுகம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் வழியாக.

"தபால்காரருக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டும்மா" என்பாள் உம்மா. "உனக்கு அதுவும் இல்ல."

வாப்பா சொன்னார்: "மாப்பிள்ளைகிட்ட சொல்லு. பிள்ளை அடுத்த வருஷம் நடக்கட்டும். நான் எல்லார் முன்னாலயும் வார்த்தை குடுத்துட்டேன்."

நான் கணவரிடம் சொன்னது: "வாப்பா கொஞ்சம் யோசிக்கிறாஹ."

கணவர் சொன்னார்: "அடுத்த வருஷம் டைட்டஸ் இருப்பாரா? இவங்க அவரையும் வித்துருவாங்க. பிள்ளை நடக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லு. நானும் ரெண்டு வருஷமா போன்லதான் அவளைப் பாக்குறேன்."

நான் வாப்பாவிடம் சொன்னது: "அவஹ உங்க இஷ்டம்ங்கிறாஹ."

இரண்டு பக்கமும் முனையை மழுக்கி மழுக்கி நான் கொண்டுபோய்ச் சேர்த்ததில், இரண்டு பேருமே மற்றவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தார்கள். நான் மட்டும் நிம்மதியாக இல்லை. ஆட்டத்தன்று காலை, நான் ஸஃபாவின் சாம்பல் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததை வாப்பா பார்த்துவிட்டார்.

"இது எதுக்கு?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அதற்குள் ஸஃபா ஓடிவந்து, "அப்பா! நான் டைட்டஸ் மாமா கையப் பிடிச்சு நடக்கப்போறேன். நீங்க பாக்கணும்" என்றாள்.

வாப்பா கட்டிலில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பிள்ளை ஆசையக் கெடுக்க மாட்டேன்மா. நீ உள்ள கூட்டிட்டுப் போ. ஆனா குடுத்த வார்த்தையயும் மாத்த மாட்டேன். நான் திரும்பிப் பாப்பேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராத."

வேனில் இசக்கி அண்ணன் ஸஃபாவின் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, நீங்க மட்டும் உள்ள போறியளா?" பிறகு வாப்பாவைக் காட்டி எல்லோருக்குமாக, "சாகுல் அண்ணாச்சி வீட்டுக்குள்ளயே ஒரு நிர்வாகம் ஓடுது வே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சன்னல் வழியே வாழைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் செய்வது அவருக்குத் துரோகமா, செய்யாவிட்டால் பிள்ளைக்குத் துரோகமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். பாளையங்கோட்டை வந்துவிட்டது. கணக்கு முடியவில்லை.

வெறும் படிகள்

பாட்டு போட்டார்கள். வரிசை நகர்ந்தது. டைட்டஸும் ஸஃபாவும் முதலில்.

வெயிலுக்குள் போனதும் அவள் நடை மாறிவிட்டது. நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு, பெரிய பெரிய எட்டாக வைத்தாள்.  போனுக்குள் என் கணவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நடுவில் வந்து நின்றதும் கேலரியைப் பார்த்துக் கையசைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பி, காலிப் படிகளைப் பார்த்துக் கையசைத்தன. படியில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்து வேறு இடத்துக்குப் போனது.

ஸஃபாவின் கை பாதியில் நின்றது. அவள் டைட்டஸிடம் ஏதோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டார். பிறகு இரண்டு பேரும் வரிசையை விட்டு, வேலியை நோக்கி நடந்தார்கள். மேனேஜர் பையன் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டான். அவர்கள் நிற்கவில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டாள் ஸஃபா. "அப்பா, நான் வந்துட்டேன்!"

வேலிக்கு அந்தப் பக்கம் இசக்கி அண்ணனின் கழுத்து லேசாகத் திரும்பி, பட்டென்று நேரானது. இன்னும் ஒன்றிரண்டு தோள்கள் அசைந்தன. எல்லோரும் வாப்பாவுக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். அவர் திரும்பினால் எல்லோரும் திரும்பியிருப்பார்கள்.

வாப்பாவின் முதுகு நிமிர்ந்தது. ஒரு கை மேலே போய்த் தொப்பியைச் சரிசெய்தது. பிறகு அந்தக் கையும் கீழே இறங்கி மடிக்குப் போய்விட்டது. அவர் திரும்பவில்லை.

டைட்டஸ் அவளைக் கூட்டிவந்து என்னிடம் விட்டார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும்.

"பாக்கல" என்றாள். பிறகு, "டைட்டஸ் மாமாவோட வாப்பாவும் இப்ப மேட்ச் பாக்குறதில்லையாம்" என்றாள்.

தமாம் வழியாக

கிழக்குக் கேலரியில் நானும் அவளும் அந்த நாயும் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம். வாப்பாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. பிள்ளையிடம் பாப்பாஹ என்று நான் ஏன் சொன்னேன் என்று அதைவிடக் கோபம். இன்று இவளைக் கூட்டி வந்திருக்கவே கூடாது. கூட்டி வராமல் இருந்திருந்தால்? அதுவும் கூடாது.

முதல் பாதி முடிவதற்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அப்போது போனில் என் கணவரின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "இந்தாமா, ஒரு விஷயம். மாமா எனக்குப் போன் பண்ணினாஹ."

"யாரு?"

"மாமாதான். இன்னொரு போன்ல. எத்தனைன்னு கேட்டாஹ."

விசில் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, வாப்பா தமாமுக்குப் போன் போட்டு ஆட்டம் எத்தனை என்று கேட்டிருக்கிறார். திரும்பக் கூடாது என்றுதான் வார்த்தை கொடுத்திருந்தார். கேட்கக் கூடாது என்று கொடுக்கவில்லையே. இரண்டாம் பாதி முழுக்க நான் பிடித்த போனில் என் கணவர் ஆட்டம் பார்த்தார். பார்த்ததை இன்னொரு போனில் மாமனாருக்குச் சொன்னார். மாமனார் ஸ்பீக்கரில் போட்டு மரத்தடிக்குக் கேட்க வைத்தார். மைதானத்திலிருந்து மரத்தடிக்கு நாற்பதடி இருக்கலாம். செய்தி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

மூன்றாவது கோலும் விழுந்த பிறகு, எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. டைட்டஸ் கோட்டில் நின்று கைகளை விரித்தார். பந்து இடப்பக்கம் போனது. அவரும் போனார். விரல் நுனியால் அதைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டார்.

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் முறையாக, பர்தாவும் மரியாதையும் மறந்து, அந்தக் காலி மைதானத்தில் என் குரல் எனக்கே திரும்பிக் கேட்கும்படி கத்தினேன். ஸஃபா வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். மரத்தடி அமைதியாக இருந்தது. செய்தி இன்னும் தமாமில்தான் இருந்தது.

கொஞ்சம் கழித்துத்தான் அங்கே ஒரு பெரும் சத்தம் எழுந்தது. அத்தனை பேரும் துள்ளி எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடியே, சாலையைப் பார்த்துக் கைகளை உயர்த்திக் கத்தினார்கள். எதிரே செங்கல் ஏற்றிவந்த லாரிக்காரர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார்.

ஆழ்வார்திருநகரியில்

திரும்பி வரும்போது வேனில் ஸஃபா வாப்பா பக்கத்தில் உட்காரவில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இசக்கி அண்ணன் கருங்குளத்தில் இறங்கவில்லை. "வீட்டுக்குப் போவ மனசு வரல, ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்பி வாரேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆழ்வார்திருநகரியில் ஒரு டீக்கடை முன்னால் வேன் நின்றது. வெளிச்சம் இன்னும் இருந்தது. டீக்கடை அண்ணாச்சி எங்கள் சட்டைகளைப் பார்த்ததும், "எத்தன?" என்றார்.

"மூணு" என்றார் இசக்கி அண்ணன்.

"பரவால்லயே. தேறிட்டிய."

நான் ஸஃபாவுக்குப் பால் வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தேன். வாப்பா வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அந்தத் தழும்புக் காலை மடக்குவது அவருக்கு இப்போது லேசில்லை.

"எப்படி நடந்தே?"

"சொல்ல மாட்டேன்."

"அப்பா பாக்கலல்லா."

"தெரியும். நான் கூப்பிட்டேன்."

"கேட்டுச்சுமா." வாப்பா தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "அப்ப திரும்பியிருந்தா இவங்க எல்லார்கிட்டயும் அப்பா பொய் சொன்னதாப் போயிருக்கும். இப்ப விசில் ஊதியாச்சு. இப்ப பாக்கலாம். நடந்து காட்டேன்."

ஸஃபா அவரைப் பார்த்தாள். மன்னிக்கலாமா என்று யோசிக்கிற முகம். அந்த யோசனையை அவள் என்னிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

"எல்லாரும் பாக்கணும்" என்றாள் கடைசியில். "டைட்டஸ் மாமா கையும் வேணும்."

டீக்கடை அண்ணாச்சி பால் சட்டியை இறக்கும் தடித்த துணியைத் தூக்கிப் போட்டார். வாப்பா அதை வலது கையில் சுற்றிக்கொண்டார். இசக்கி அண்ணன் சாலையில் இறங்கி ஆட்களைப் பிரித்து நிறுத்தினார். "இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி! எல்லாரும் மூஞ்சியக் காட்டுங்க வே, இனிமே முதுகு கெடையாது!"

தமாமை மறுபடி கூப்பிட்டு நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். அவள் நடந்தாள். டீக்கடையிலிருந்து வேன் வரை. நெஞ்சைத் தள்ளிக்கொண்டு, பெரிய பெரிய எட்டாக. வாப்பா அவள் உயரத்துக்குச் சாய்ந்து, துணி சுற்றிய கையில் அவள் கையை வைத்துக்கொண்டு, டைட்டஸ் மாதிரி நிமிர முடியாமல் நடந்தார். அத்தனை பேரும் மதியத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கத்தித் தீர்த்தார்கள்.

திருச்செந்தூரிலிருந்து வந்த பஸ் ஒன்று போக வழியில்லாமல் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன வே, கல்யாண ஊர்வலமா?"

"இல்ல வே, மேட்ச்!" என்றார் இசக்கி அண்ணன்.

"ஜெயிச்சாச்சா?"

"தோத்தாச்சு!"

டிரைவர் ஒரு நொடி பார்த்தார். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் மேல் கைகளை மடக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

வேன் பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஸஃபா திரும்பினாள். எங்களைப் பார்த்து அல்ல, பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தாள். சன்னல்களில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், கனகாம்பரம் வைத்த தலைகள், தூக்கத்தில் எழுந்த குழந்தைகள். என்ன ஏது என்று தெரியாமல், அத்தனை சன்னலிலிருந்தும் கைகள் அசைந்தன.

"யாரு அவ்வளவு பேரு?" என்று போனில் கேட்டார் என் கணவர். "கேலரியில ஆள் வந்துட்டா?"

போனை பஸ் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

"வந்துட்டாங்க" என்றேன். "உக்கார இடமில்ல. பாதிப் பேரு நின்னுக்கிட்டுத்தான் பாக்குறாஹ."